குடிநோயும் கிளைத் தோழமையும்

(மும்பையில் தமிழ்த் தோழர்களுக்காக நடத்தப்பட்ட கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கிளைக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றியது இந்த உரை. ஊதியம், ஒப்பந்தமுறை, குடிசை இடிப்பு, விலைவாசி ஆகியவை விவாதிக்கப்படுகின்றன. ஆனால் சென்ற ஆண்டு வரை கொடி பிடித்து முன்வரிசையில் நடந்த தோழர் ஒருவர் மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து வரவில்லையென்றால், ‘உடல்நிலை சரியில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் செய்தி முடிந்துவிடுகிறது. உண்மை அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். எவரும் அதைச் சொல்வதில்லை.

அதன்பிறகு இரண்டில் ஒன்று நிகழ்கிறது. ஒழுங்கு நடவடிக்கை எடுத்து அவரை நீக்கிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, ஒருநாள் அவரது உடல்மீது செங்கொடி போர்த்தி வீரவணக்கம் செலுத்துகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழி எங்கே தொடங்குகிறது, அதில் நடக்கும் தோழருக்குக் கிளை எவ்வாறு துணைநிற்க வேண்டும் என்பனவற்றையே இன்று பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

ஒழுக்கக்கேடா, நோயா?

முதலில் சொல்லைக் கவனிப்போம். ‘குடிகாரன்’ என்று தமிழிலும் ‘ஷராபி’ என்று இந்தியிலும் சொல்லும்போது, மனிதனின் மற்ற எல்லா அடையாளங்களும் அழிந்து குடி ஒன்றே எஞ்சுகிறது. அவன் தந்தை, தையல் தொழிலாளி, சங்க உறுப்பினர் என்பவை மறைந்துபோகின்றன. ‘குடிநோயாளி’ என்ற சொல் இப்போது வழக்கில் வேரூன்றி வருகிறது. நோய் என்று ஒன்றிருந்தால் அதற்கு மருத்துவம் உண்டு, தேறுதலும் உண்டு என்ற பொருள் அதற்குள் அடங்கியிருக்கிறது. சொல்லை மாற்றினால் நோய் தீராது. எனினும் நோயாளியை நோக்கும் கண் மாறும்.

இது எவ்வளவு பெரிய நோய்? ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்திற்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தி, 2019ஆம் ஆண்டு அதன் அறிக்கையை வெளியிட்டது. 10 முதல் 75 வயது வரையிலான மக்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவதாக அது கூறுகிறது. 5.7 கோடிக்கும் அதிகமானோருக்கு மதுவினால் நேர்ந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவைச் சார்ந்தே வாழும் நிலையில் உள்ளவர்கள் 2.7 விழுக்காட்டினர். இவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். எஞ்சியவர்கள் வீட்டிலும் தெருவிலும் பட்டறையிலும் இருக்கிறார்கள். கட்சிக் கிளைகளிலும் இருக்கிறார்கள்.

உழைப்பாளி ஏன் குடிக்கிறான் என்ற கேள்விக்கு எங்கெல்ஸ் 1845ஆம் ஆண்டிலேயே விடை தேடினார். இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை குறித்த தமது நூலில், குடியைத் தனிமனிதனின் தீயொழுக்கமாக அல்லாமல், அவன் தள்ளப்பட்டிருக்கும் வாழ்நிலையின் விளைவாகக் கண்டார். மூலகாரணம் பற்றிய இந்தப் பார்வை இன்றும் சரியானதே. இந்தியாவில் அருந்தும் மது சரக்கு-சேவை வரிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன்மீதான வரியை மாநில அரசுகளே வசூலிக்கின்றன. தொழிலாளியின் தள்ளாட்டத்திலிருந்து கருவூலம் நிரம்பும் ஏற்பாடு இது. அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை அரசின் நெறியாகச் சொல்கிறது. நடைமுறை வேறாக இருக்கிறது.

ஆனால் சமூகக் காரணத்தைச் சரியாக விளக்கிவிட்டதாலேயே இன்றிரவு ஒரு தோழரின் கை நடுக்கம் நின்றுவிடாது. காசநோய்க்கும் வறுமையே விளைநிலம். அதற்காக வறுமை ஒழியும் வரை மருந்து வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை.

ரப்பர் நகரில் ஒரு தொலைபேசி

குடிநோயாளிகள் தமக்குத் தாமே துணைநிற்கும் அமைப்புகளில் உலகெங்கும் பரவியிருப்பது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். அது பிறந்த இடம் தொழிற்சங்கத் தோழர்களுக்கு அறிமுகமானதே: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள அக்ரன், டயர் ஆலைகளின் நகரம். அமெரிக்க ரப்பர் தொழிலாளர் சங்கம் 1935 செப்டம்பரில் அங்கேதான் தோன்றியது. மறு ஆண்டு குட்இயர் ஆலையின் பெரும் வேலைநிறுத்தம் நடந்ததும் அங்கேதான்.

அதே 1935ஆம் ஆண்டின் மே மாதத்தில், பில் வில்சன் என்ற பங்குச்சந்தைத் தரகர் ஒருவர் தொழில் காரியமாக அந்நகரில் தங்கியிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுப்போனது. விடுதியின் கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடமும் மறுபுறம் தொலைபேசியும் இருந்தன. அவர் தொலைபேசிப் பக்கம் நடந்தார். தேவாலயங்களின் எண்களை ஒவ்வொன்றாக அழைத்து, தம்மைப் போன்ற வேறொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று கேட்டார். அறிவுரை சொல்லும் ஆளை அவர் தேடவில்லை. அதே துன்பத்தில் இருக்கும் ஆளைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளையே அந்த அமைப்பு தனது தொடக்க நாளாகக் கொள்கிறது. 1957இல் அது இந்தியாவிலும் வேர்விட்டது.

ஒரு தோழரின் பாதை

தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் பணியாற்றும் ஒரு தோழரை எண்ணிப் பாருங்கள். பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். இவருக்கு வயது நாற்பத்திரண்டு. இவர் கற்பனை மனிதர்தாம். ஆயினும் இவரைப் போன்ற ஒருவர் இல்லாத பகுதிக் குழு அரிது.

குடியை விட்டுவிடுவதாக மனைவியிடம் பலமுறை சத்தியம் செய்திருக்கிறார். ஒருமுறை திடீரென்று நிறுத்தியும் பார்த்தார். மறுநாளே கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, இரண்டாம் இரவு சுவரில் பூச்சிகள் ஊர்வதுபோல் தெரிந்தது. இங்கே ஒரு செய்தியைத் தோழர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரக்கூடும். அதையடுத்து மனக்குழப்பமும் பொய்த்தோற்றங்களும் தோன்றக்கூடும். ஆகவே முதற்படி மருத்துவரே. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்து தந்து, வைட்டமின் பி1 ஏற்றி, சில நாள்களில் இந்தக் கட்டத்தைக் கடக்கச் செய்கிறார்கள். சுயஉதவிக் கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. மருத்துவமனையை விட்டு வெளியே வந்த பின் எஞ்சியிருக்கும் நீண்ட வாழ்நாளுக்கே அது துணை.

மறுவாழ்வு இல்லங்கள் என்ற பெயரில் ஆளைப் பூட்டிவைத்து அடிக்கும் இடங்களும் நாட்டில் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநல நிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுள்ளது. அடிப்பதும் சங்கிலியில் கட்டுவதும் சிகிச்சை அல்ல, குற்றம். பணம் கட்டும் முன் குடும்பத்தாரிடம் இதைச் சொல்வது கிளையின் கடமை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்தத் தோழர் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? வழிகள் சில உண்டு. ஒன்றிய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446 போதை மீட்பு மையங்களைப் பற்றிய தகவல் தருகிறது. சிகிச்சையளித்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர் பெரும்பாலும் அருகிலுள்ள கூட்டத்தை அறிந்திருப்பார். ஏ.ஏ. அமைப்பின் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் மும்பையிலேயே இருக்கிறது. எந்தப் பகுதியில், எந்த நாளில், எந்த மொழியில் கூட்டம் என்று கேட்கலாம். கொரோனாக் காலத்துக்குப் பின் இணையவழிக் கூட்டங்களும் பெருகியுள்ளன. நேரில் செல்ல நாணுபவர்க்கும் ஊர்விட்டு ஊர் வேலைக்குச் செல்பவர்க்கும் அவை உதவும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்திற்கு யாரும் வரலாம். மனைவியோ நண்பரோ உடன் செல்லலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோர்க்கு மட்டுமே உரியது. தனியே செல்ல அஞ்சும் தோழரைத் திறந்த கூட்டமொன்றுக்கு முதன்முறை அழைத்துச் செல்வது நல்ல துணை.

அந்தத் தோழர் முதல் வாரம் போகவில்லை. சரியாகச் சொன்னால், போய்விட்டுத் திரும்பிவிட்டார். கூட்டம் ஒரு பள்ளியின் வகுப்பறையில். எதிரே தேநீர்க் கடையில் நின்று உள்ளே செல்வோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை மடிப்புக் கலையாதவர்களும் இருந்தார்கள், ஆட்டோ ஓட்டுநர் சீருடையில் ஒருவரும் இருந்தார். தெரிந்த முகம் ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அவரைத் தடுத்தது. உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் இதே அச்சத்தோடு வாசலில் நின்றவர்களே என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அந்த ஒன்றரை மணி நேரம்

இரண்டாம் வாரம் உள்ளே சென்றார். பெயர்ப் பதிவேடு இல்லை. முழுப்பெயரோ முகவரியோ சாதியோ கேட்கப்படவில்லை. கட்டணமும் இல்லை, முடிவில் ஒரு பை சுற்றிவரும், விரும்பியவர் இயன்றதைப் போடலாம். வாடகையும் தேநீர்ச் செலவும் அதிலிருந்தே. வெளியார் நன்கொடையை அமைப்பு ஏற்பதில்லை. உறுப்பினராகத் தேவைப்படும் ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

ஒவ்வொருவராக எழுந்து தம் பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்றும் சொல்லித் தொடங்கினார்கள். பேசுபவரை எவரும் இடைமறிக்கவில்லை. பேசி முடித்தவர்க்கு எவரும் அறிவுரை கூறவில்லை. பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டு இருக்கலாம். ஒருவர் தம் வீட்டுப் பிரஷர் குக்கரை விற்றுக் குடித்த கதையைச் சொன்னார். அன்று மாலை மனைவி பக்கத்து வீட்டில் அரிசி வேகவைத்து வாங்கி வந்தாராம். நம் தோழர் தலை குனிந்தார். அவர் விற்றது தையல் எந்திரம். இதுவரை உலகில் தாம் ஒருவரே இவ்வளவு கீழே விழுந்தவர் என்று அவர் எண்ணியிருந்தார்.

நாற்காலிகளை அடுக்கியவர் வங்கி அதிகாரி; தேநீர் ஊற்றியவர் ஐந்து மாதமாகக் குடிக்காத ஆட்டோ ஓட்டுநர். அங்கே மூத்தவர் என்பதற்குப் பதவியோ சொத்தோ அளவுகோல் இல்லை; குடிக்காமல் கழித்த நாள்களே அளவுகோல். வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் செய்யும்படி எவரும் கேட்கவில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும், நாளையை நாளை பார்க்கலாம் என்றார்கள். விடைபெறும்போது மூத்தவர் ஒருவர் தம் எண்ணைத் தந்து, ‘குடிக்கத் தோன்றினால் குடிக்கும் முன் கூப்பிடுங்கள், குடித்த பிறகு கூப்பிட்டாலும் எடுப்பேன்’ என்றார்.

மனைவிக்கும் தனியே ஒரு கூட்டம் உண்டு. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான ‘அல்-அனான்’ 1951ஆம் ஆண்டு உருவானது. கணவரின் குடிக்குத் தானே காரணமோ என்ற குற்றவுணர்விலிருந்து பெண்கள் விடுபட அது உதவுகிறது. குடிநோய் பெண்களையும் தாக்குகிறது. அவர்கள் சுமக்கும் இழிவு இரட்டிப்பானது என்பதால் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பெண் தோழர்களும் இவ்வுதவிக்கு உரியவர்களே.

பொருள்முதல்வாதியின் ஐயம்

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். கூட்டத்தில் பிரார்த்தனையும் உண்டு. நாத்திகத் தோழர் அங்கே அமர்வது எவ்வாறு?

தொடக்ககால உறுப்பினர்களிடையே நாத்திகரும் இருந்தனர். அவர்கள் போராடியதன் பயனாகவே, அந்தக் கடவுள் என்பது அவரவர் புரிந்துகொள்ளும் வகையிலானது என்ற விரிவு படிகளில் இடம்பெற்றது. தம்மினும் பெரிய ஆற்றல் என்பதற்குப் பல நாத்திகர்கள் அந்தக் குழுவையே பொருளாகக் கொள்கின்றனர். தனியே தோற்றவர் கூட்டாக வெல்கிறார் என்பது தொழிற்சங்கத் தோழருக்குப் புதிய தத்துவம் அன்று. பிரார்த்தனையின்போது வாய்மூடி நிற்க எவர்க்கும் உரிமை உண்டு. அதுவும் ஒவ்வாதெனில் ‘ஸ்மார்ட் ரிக்கவரி’ போன்ற மதச்சார்பற்ற குழுக்கள் இணையவழியில் கிடைக்கின்றன.

பயன் உண்டா என்பதே பொருள்முதல்வாதி கேட்க வேண்டிய கேள்வி. 2020ஆம் ஆண்டு காக்ரன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், பிற சிகிச்சை முறைகளைவிடக் கூடுதல் பலன் தருவதாக அது முடிவுகண்டது. எல்லோரும் குணமடைகிறார்கள் என்பது இதன் பொருளன்று. புறக்கணிக்கத் தகாத கருவி இது என்பதே பொருள்.

இன்னொரு ஐயம்: அந்த அமைப்பு அரசியல் பேசுவதில்லை, சாராய முதலாளிக்கு எதிராகவும் பேசுவதில்லை. ஆம், வெளிப் பிரச்சினைகளில் கருத்துக் கூறுவதில்லை என்பது அதன் மரபு. சாராய முதலாளிக்கு எதிராகப் பேசுவது கட்சியின் வேலை. அதை வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நோயாளிகளின் தலையில் சுமத்த வேண்டியதில்லை.

தல்லி ராஜாராவின் பாடம்

அந்த வேலையைச் செய்து காட்டிய முன்னுதாரணம் சத்தீஸ்கரில் உண்டு. பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது தரும் தல்லி ராஜாரா சுரங்கங்களின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1977இல் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் தனிச் சங்கம் கண்டனர். போராடி ஊதியத்தை உயர்த்தினர். உயர்ந்த ஊதியம் சாராயக் கடைக்கு வழிந்தோடுவதைச் சங்கம் கண்டது. குடிக்கு எதிரான இயக்கத்தைச் சங்கத்தின் சொந்தப் பணியாகவே அது கைக்கொண்டது. பெண் தொழிலாளர்கள் அதில் முன்நின்றனர். தொழிலாளர்கள் தம் உழைப்பாலும் பணத்தாலும் எழுப்பிய ஷகீத் மருத்துவமனை 1983இல் திறக்கப்பட்டது. நியோகி 1991 செப்டம்பர் 28 அன்று பிலாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியல் வேறுபாடுகள் எவையாயினும், குடியைக் கூலிப் பிரச்சினையோடு இணைத்துப் பார்த்த அந்தத் தொழிற்சங்கப் பார்வை கற்கத்தக்கது.

அதற்கடுத்த பாடம் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தினுடையது. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு 1992இல் மாநிலமெங்கும் பரவியது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. சிறைகளை நிரப்பியவர்களில் ஏழைகளே மிகுதி. முதன்முறை பிடிபட்டவரை அபராதத்துடன் விடுவிக்க 2022இல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. கடையை மூடுவதும், நோயாளிக்குக் கதவைத் திறப்பதும் இரண்டு வேலைகள். முதலாவதை மட்டும் செய்தால் கள்ளச்சாராயம் நுழையும். மும்பை மால்வணியில் 2015 ஜூன் மாதம் நச்சுச் சாராயத்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை இந்நகரம் மறந்திருக்காது.

கிளை செய்ய வேண்டியது

நம் தோழரின் கதை முடியவில்லை. ஏழு வாரம் அவர் குடிக்கவில்லை. கிளைக்கும் திரும்பி வந்தார். செயலாளர் மகிழ்ந்து, நல்லெண்ணத்தோடுதான், எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்: ‘தோழர் இப்போது குடியை விட்டு, வாரந்தோறும் கூட்டத்துக்குப் போகிறார், பாராட்டுவோம்.’ சிலர் கைதட்டினர். மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் செய்தி தெரிந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றிரவு தோழர் குடித்தார். பிறகு கிளைக்கும் வரவில்லை, கூட்டத்துக்கும் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து, எண் தந்த மூத்தவரை அவர் அழைத்தார். கூட்டத்துக்குத் திரும்பியபோது, இன்று எனக்கு முதல் நாள் என்று மட்டும் சொன்னார். எவரும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். கிளைக்கு அவர் திரும்புவாரா என்பது கிளையைப் பொறுத்தது.

ஆகவே சில நெறிகள் தேவைப்படுகின்றன. ஒருவர் மீள்கிறார் என்பது அவருக்குரிய செய்தி. அவர் அனுமதியின்றி அதைக் கிளைக் கூட்டத்திலோ அறிக்கையிலோ சொல்லக் கூடாது. அவர் கூட்டத்துக்குப் போகும் மாலையில் கட்சி வேலை ஒதுக்கக் கூடாது. காரணமும் கேட்கக் கூடாது. நன்கொடை வசூல் போன்ற பணம் புழங்கும் பொறுப்பைத் தொடக்க மாதங்களில் தராமல் இருப்பது தண்டனை அன்று, துணை. ஆனால் சுவரொட்டி ஒட்டுதல், பத்திரிகை விநியோகம் போன்ற வேலைகளை உடனே தர வேண்டும்; வேலையற்ற மாலை அவருக்குப் பகை. மாநாடுகள் முடிந்த இரவுகளில் புட்டி திறக்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால், அது நிற்க வேண்டும். மீண்டும் குடித்துவிட்டார் என்ற செய்தி வந்தால், கிளையிலிருந்து ஒருவர், ஒருவர் மட்டும், அவர் வீட்டுக்குப் போக வேண்டும். விளக்கம் கேட்பதற்காக அன்று, பார்த்துவிட்டு வருவதற்காக. மனைவியை அடித்தல், சங்கப் பணத்தைக் கையாடல் ஆகியவற்றை நோய் மன்னிக்காது. அவற்றுக்குரிய விசாரணை நடந்தே தீர வேண்டும். நோய் வேறு, குற்றம் வேறு என்று பிரித்தறிவதே நீதி.

சுயவிமர்சனம் இந்த இயக்கத்தின் பழைய பழக்கம். அந்த வகுப்பறையில் நடப்பதும் ஒருவகைச் சுயவிமர்சனமே. ஒரு வேறுபாடு: அங்கே ஒருவர் தம் தவறைச் சொல்லி முடித்ததும், பிறர் அவர்மீது பாய்வதில்லை, அடுத்தவர் எழுந்து தம் தவறைச் சொல்கிறார். கட்சிக் கூட்டங்கள் அவ்வாறே நடக்க இயலாது. முடிவெடுக்க வேண்டிய கூட்டங்கள் அவை. ஆனால் வீழ்ந்த ஒரு தோழரைப் பற்றிப் பேசும் பொழுதேனும் அந்த அடக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

இந்த வகுப்பு முடிந்து கிளைகளுக்குத் திரும்பும் தோழர்கள், உறுப்பினர் பட்டியலை எடுத்து, சில மாதங்களாக வராதவர்களின் பெயர்களை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் ஒரு பெயர் எதிரே கண் நிற்கும். அந்த வீட்டுக்கு இந்த வாரமே ஒருவர் போகட்டும்.